கழலாத காப்பு

கசாப்புக்காரன் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் இறங்குவது கடைகளின் ஷட்டர்கள்தான். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் இல்லை. அடி வாங்கி வாங்கி வந்த பழக்கம். பூட்டுக்கடை, தையல்கடை, கண்ணாடி அறுக்கிறவன் கடை என்று ஒவ்வொன்றாகச் சடசடவென்று இறங்கிக்கொண்டே வரும். அந்தச் சத்தத்தை வைத்தே ஆள் எதுவரை வந்திருக்கிறான் என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு மத்தியானம் அந்தச் சத்தம் உளியக்காவின் பட்டறை வாசல்வரை வந்து நின்றது. அவள் மட்டும் ஷட்டரை இறக்கவில்லை. திறந்து வை, வருகிறேன் என்று காலையிலேயே அவன் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தான்.

உளியக்கா என்பது தெரு வைத்த பெயர். வெள்ளியில் காப்பு, வளையல், தண்டை என்று வளைந்த நகை எதுவானாலும் அதன்மேல் பூவும் கொடியும் எழுத்தும் செதுக்குவது அவள் தொழில். தட்டையான தகட்டில் எவன் வேண்டுமானாலும் செதுக்கிவிடுவான். வளைவில் செதுக்கத்தான் ஆள் தேடவேண்டும். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் கில்யாணம் எல்லாம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், ஒரு வார்த்தை போதும் என்றால் இரண்டாவது வார்த்தை பேசாதவள். கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. அக்கா செதுக்கியதற்கு மெருகு போடுவது அவன் வேலை. அக்காவிடம் இல்லாத வாயெல்லாம் சேர்த்து அவனுக்கு இருந்தது. அந்த வாயும், அதோடு சேர்ந்த கையும்தான் அவனைக் கசாப்புக்கடையின் ஐஸ் அறைக்குள் கொண்டுபோய் அடைத்திருந்தன.

முந்தைய நாள் நடந்தது அது. கசாப்புக்காரனின் வண்டி பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வெளிச்சம் வரவில்லை, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள் என்று தம்பி சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். பதிலுக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. இந்தத் தெருவில் அதற்குமேல் நடப்பதெல்லாம் அடிபட்டவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போவதுதான். தம்பி போகவில்லை. திருப்பி ஒரு குத்து விட்டான். கசாப்புக்காரனின் முன்பல் ஒன்று ரத்தத்தோடு தெறித்துச் சாக்கடையோரம் விழுந்தது. ஏதோ ஒரு ஷட்டர் சந்துக்குப் பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். குத்தைக்கூட அவன் மன்னித்திருப்பான், அந்தச் சிரிப்பை மன்னிக்கவில்லை.

பிறகு நடந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். இரும்புக் குழாயால் முதுகில் அடித்தார்கள். விழுந்தவனை எழவிடாமல் விலாவில் மிதித்தார்கள். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அவள் காதுக்கே கேட்டது. தடுக்க ஓடியவளை வயிற்றில் ஓர் உதை விட்டுச் சுவரோரம் தள்ளினார்கள். தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனபோது தம்பியின் ஒரு செருப்பு மட்டும் தெருவில் கிடந்தது. போலீஸுக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் இந்தத் தெருவில் குடியிருந்ததில்லை. ஸ்டேஷனுக்குத் தினமும் கறி போவது யார் கடையிலிருந்து என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ராத்திரியெல்லாம் அவள் அந்தக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் பதில் வந்தது. கசாப்புக்காரனுக்குப் பணம் வேண்டாம், காலில் விழுவதும் வேண்டாம். அவன் காப்பில் எழுத்து வேண்டும்.

அவன் வலது மணிக்கட்டில் கிடந்த வெள்ளிக் காப்பைத் தெருவில் பார்க்காதவர்கள் கிடையாது. பலர் அதை முகத்தின் மேலேயே பார்த்திருக்கிறார்கள். வாலிபத்தில் கையில் வைத்து ஆணி அறைந்து மூடிய காப்பு. இரண்டு ஓரத்திலும் கொடி ஓடும், நடுவில் விரல் அகலத்துக்கு வெறும் பட்டை. பிறகு கை பெருத்துவிட்டது. இப்போது கழற்ற வேண்டுமானால் காப்பை வெட்டவேண்டும், வெட்டினால் கௌரவம் போய்விடுமாம். அந்த வெறும் பட்டையில் ‘இந்தக் கைக்கு எதிர்க்கை இல்லை’ என்று அவள் செதுக்கவேண்டும். எதிர்க்கை ஓங்கியவனின் அக்கா, தன் கையால், பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு, தெரு பார்க்கச் செதுக்கவேண்டும். எழுத்து முடிந்தால் தம்பி வருவான்.

இதோ, வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். முக்காலி முனகியது. அவன் பின்னாலேயே வந்த நெட்டை என்கிற ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். வளர்த்தியெல்லாம் கழுத்தோடு நின்றுவிட்டது, தலைக்குள் எதுவும் போய்ச் சேரவில்லை என்று தம்பி கேலி செய்வான். நெட்டையின் இடுப்பில் கறி வெட்டும் கத்தி இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன் தங்கச்சி,” என்றான் கசாப்புக்காரன். பல் போன இடத்தில் காற்று புகுந்து பேச்சு விசிலடித்தது. “உளி என் தோல்ல பட்டுதுன்னா, ஒரு கீறலுக்கு உன் தம்பி விரல் ஒண்ணு. மெருகு போடறவனுக்கு எத்தனை விரல் வேணும்னு நீயே கணக்குப் பண்ணிக்கோ.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கை நடுங்கவில்லை. கை அவள் பேச்சைக் கேட்கும், மற்றதெல்லாம் கேட்காது.

வழக்கமாகக் காப்பை உருண்டையான மரக்கட்டையில் அரக்கு வைத்து ஒட்டுவாள். கட்டையை மணல் அடைத்த தோல் மெத்தைமேல் வைத்து இடது கையால் உருட்டிக்கொண்டே போவாள். உளி நின்ற இடத்திலேயே நிற்கும். காப்புதான் உளியைத் தேடி வரவேண்டும். வளைவின்மேல் உளியை ஓட்டினால் வழுக்கும். வழுக்கினால் முன்னால் இருப்பதைக் குத்தும். முன்னால் இருப்பது எப்போதும் பிடித்திருக்கிற கைதான். இந்தத் தொழிலில் இருக்கும் எவருடைய இடது கையையும் திருப்பிப் பாருங்கள், தழும்பு தழும்பாக இருக்கும்.

இன்றைக்கு மரக்கட்டைக்குப் பதில் கசாப்புக்காரனின் கை. நனைத்த தோல்வாரைக் காப்புக்கும் சதைக்கும் நடுவில் எலும்புக் குச்சியால் மெல்லத் தள்ளி நுழைத்தாள். அரக்கை விளக்கில் காட்டி இளக்கி, இடுக்கில் அடைத்தாள். காப்பு அசையக்கூடாது. தோல்வார் இருந்தாலும் சூடு இறங்கும். சுடுகிறதா என்று கேட்டாள்.

“எனக்கா?” என்று கேட்டுவிட்டு அவன் நெட்டையைப் பார்த்துச் சிரித்தான். நெட்டையும் சிரித்தான், எதற்கென்று தெரியாமலே.

அரக்கு இறுகியது. அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டாள். அவன் முன்கையை மணல் மெத்தைமேல் வைத்து, இடது கையால் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தாள். பன்றி முதுகுபோல முரட்டு முடி. உள்ளே தடித்த எலும்பு. இந்தக் கைதான் நேற்றுத் தம்பியின் முடியைப் பிடித்து இழுத்தது. அதைக் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோலப் பிடிக்கவேண்டியிருந்தது.

உளியின் குமிழ் உள்ளங்கையில் உட்கார்ந்தது. முதல் எழுத்தின் சுழியைத் தொடங்கினாள். தமிழ் எழுத்துக்குச் சுழியும் வளைவும் அதிகம். ஒவ்வொரு சுழிக்கும் கை திரும்பவேண்டும். திருப்புங்கள் என்றால் அவன் திருப்பினான். கொஞ்சம் என்றால் கொஞ்சம் திருப்பினான். நிறுத்துங்கள் என்றால் நிறுத்தினான். வாழ்க்கையில் யார் சொல்லியும் அவன் கை இப்படிக் கேட்டிருக்காது. வெள்ளி சன்னச் சுருளாக எழுந்து எழுந்து மெத்தையில் விழுந்தது. எதிர் ஷட்டர்களின் சந்துகளில் கண்கள் தெரிந்தன.

‘இந்தக்’ முடிந்தது. ‘கைக்கு’ வந்தபோது அவனுக்குப் போரடித்துவிட்டது போலிருக்கிறது, கதை சொல்லத் தொடங்கினான். எல்லாம் அடிதடிக் கதைதான். எவனுடைய முழங்காலை எந்தப் படியில் வைத்து உடைத்தான், எவனைக் கறிக்கொக்கியில் சட்டைக் காலரோடு மாட்டி நாள் முழுக்கத் தொங்கவிட்டான், அவன் எப்படிக் கெஞ்சினான் என்று குரலை மாற்றி நடித்தும் காட்டினான். நடித்துவிட்டு அவனே குலுங்கிச் சிரித்தான்.

அந்தக் குலுக்கலில் கை எகிறியது. உளி கோட்டைவிட்டுப் புறப்பட்டது. அரை நொடிகூட இல்லை; நேராக அவன் சதையைப் பார்த்துப் போனது. அவள் யோசிக்கவில்லை. இடது கட்டைவிரலை எடுத்து உளிக்கு முன்னால் வைத்தாள். உளி நகத்தடியில் இறங்கி எலும்பில் இடித்து நின்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு உளியைப் பிடுங்கினாள். ரத்தம் காப்பின்மேல் கொட்டியது. கசாப்புக்காரன் தன் கையைத் தூக்கி வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறலும் இல்லை.

“பரவாயில்லையே தங்கச்சி. உன் தம்பிமேல அவ்ளோ பாசமா,” என்றான்.

அவள் ஒரு கந்தலைக் கிழித்து விரலைச் சுற்றிக் கட்டினாள். துணி சீக்கிரமே சிவந்துவிட்டது. ஒரு விரல் தப்பித்தது, தம்பியின் ஒரு விரல், என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். அதை நினைத்தால் வலி கொஞ்சம் குறைந்தது. மறுபடி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

‘எதிர்க்கை’ முடிந்து ‘இல்லை’க்கு வரும்போது எழுத்து காப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளங்கைப் பக்கம் வந்துவிட்டது. கையை மல்லாத்தச் சொன்னாள். உள்ளங்கை கூரையைப் பார்க்க, முழங்கை மடிப்பு அவள் முகத்துக்கு நேரே மெத்தைமேல் கிடந்தது. அந்த மடிப்பில் ஒரு நரம்பு துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. எழுத்தின் வரிசை கோணக்கூடாது என்றால் ஓரத்துக் கொடியின் கோட்டிலிருந்து அளவு எடுக்கவேண்டும். கொடியின் இடுக்கில் அழுக்கு அடைத்திருந்தது. ஊசியால் கிளறினாள்.

ஊசி முனையில் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் இல்லை. பூதக்கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனாள். மெருகுப் பசை. இன்னும் காயாமல் இளக்கமாக இருந்தது. மூக்கருகே வைத்தாள், கிராம்பு எண்ணெய் வாசனை அடித்தது. மெருகுப் பொடியில் கிராம்பு எண்ணெய் கலக்கிற பைத்தியம் ஊரில் ஒருத்தன்தான், அவள் தம்பி. பல்வலிக்கு வாங்கிய எண்ணெயை ஒருநாள் பொடியில் ஊற்றிப் பார்த்து, பளபளப்பு கூடுகிறது என்று அவனாகவே முடிவுகட்டிக்கொண்டவன். அவள் ஊசியை மறுபடி இறக்கினாள். பசையோடு பழுப்பு நிறத்தில் ஒரு பொருக்கு வந்தது. இது ரத்தம், காய்ந்த ரத்தம்.

அவள் தொழில்காரி. தொழில்காரியாகத்தான் யோசித்தாள். மெருகு என்பது கடைசி வேலை. செதுக்குவதற்கு முன்னால் மெருகு போட்டால் உளி வழுக்கும், கோட்டுக்குள் பசை அடைத்துக்கொள்ளும். விவரம் தெரிந்த எவனும் போடமாட்டான், அவள் தம்பி சத்தியமாகப் போடமாட்டான். அப்படியானால் வேலையாகப் பூசிய பசை இல்லை இது. உடம்பிலிருந்து அப்பிய பசை. தம்பிக்கு வேலை முடிந்தால் விரல், முகவாய், கழுத்து என்று எங்கே பார்த்தாலும் இந்தச் சிவப்புதான் இருக்கும். நேற்று வேலையில் இருந்தபடியே எழுந்துபோய்த்தான் குத்துவிட்டான். காப்பின் அடிப்பக்கம் ஒருவன் கழுத்தில் இப்படி அழுந்தி அப்பவேண்டுமென்றால், கையைக் கழுத்தைச் சுற்றி மடக்கி இறுக்கவேண்டும். அதுவும் ரத்தம் வரும்வரை இறுக்கவேண்டும்.

ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டாள்.

“இனிமே வாயே தொறக்க மாட்டான்,” என்றான் கசாப்புக்காரன். “அப்படிப் பண்ணிட்டேன்.”

சொல்லிவிட்டு நெட்டையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, கட்டைவிரலால் கடை இருக்கும் பக்கம் சைகை காட்டினான். நெட்டை தலையாட்டிவிட்டுப் போனான். அவன் எதற்குப் போகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஐஸ் அறையைக் கழுவப் போகிறான். எழுத்து முடியப்போகிறது, இனிமேல் அவளை ஏமாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

‘இல்’ வரை செதுக்கினாள். ஏன் செதுக்கினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. தம்பி சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே சந்தைக்கு வந்த காட்சி மனசுக்குள் வந்து நின்றது. கண்ணீர் பூதக்கண்ணாடிக்குள் நிரம்பிப் பார்வை மறைந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

“என்ன நின்னுட்டே? முடி,” என்றான் அவன்.

“முடிச்சுடறேன் அண்ணே,” என்றாள்.

உளியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு அவன் முழங்கை மடிப்பில், அந்த நரம்பு துடித்த இடத்தில், குமிழ்வரை இறக்கினாள். இறக்கி நிறுத்தவில்லை, தன் பக்கம் இழுத்தாள். வெள்ளியைவிடச் சதை எவ்வளவு இளக்கம் என்பது அவள் கைக்குத் தெரிந்தது. ரத்தம் துடிப்புக்குத் துடிப்பு பீய்ச்சி அவள் முகத்தில் அடித்தது.

அவன் ஒரு கணம் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. பிறகு இடது கையால் அவள் முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்து சப்பையாகிப் போனது. மேசை கவிழ்ந்தது, அரக்கு, விளக்கு, ஊசிகள் எல்லாம் தரையில் இறைந்தன. அவள்மேல் விழுந்து கழுத்தை நெரித்தான். ஒரு கையால் நெரித்தும் அவளுக்குக் கண் இருட்டியது. வலது கையையும் கொண்டுவரப் பார்த்தான். அது வரவில்லை, நனைந்த துணிபோலத் தொங்கியது. அவள் முழங்காலை மடக்கி அவன் வயிற்றில் உதைத்தாள். நேற்று அவள் வாங்கிய அதே இடத்தில் உதைத்தாள். கைக்கு அகப்பட்ட அரத்தை எடுத்து, தாடையில், காதில், பல் போன அந்த வாயில் திரும்பத் திரும்ப அடித்தாள். அவன் பிடி தளர்ந்தது. பக்கவாட்டில் சரிந்து சுவரில் சாய்ந்தான். யாரையோ கூப்பிட வாயைத் திறந்தான். கூப்பிட்டாலும் யார் வரப்போகிறார்கள்? தெருவில் ஒரு ஷட்டர்கூடத் திறந்திருக்கவில்லை.

அவள் தவழ்ந்துபோய் உளியைத் தேடி எடுத்தாள். இன்னும் ஒரு முறை குத்தவேண்டும், கழுத்தில், என்று நினைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அக்கா,” என்று வாசலில் குரல் கேட்டது.

தம்பி நின்றுகொண்டிருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, உதடு கிழிந்திருந்தது, விலாவைப் பிடித்துக்கொண்டு கோணலாக நின்றான். விரல்கள் எல்லாம் இருந்தன. அவன் சட்டைக் காலரைப் பிடித்தபடி பின்னால் நெட்டை நின்றான். நெட்டை உள்ளே பார்த்ததும் கத்தியை உருவித் தம்பியின் கழுத்தில் வைத்துவிட்டான். அதற்கு அவனுக்கு மூளை தேவைப்படவில்லை.

“என்ன பண்ணீங்க? அண்ணனை என்ன பண்ணீங்க?” என்று நெட்டை கிட்டத்தட்ட அழுதான். எழுத்து முடிகிற நேரத்துக்கு இவனைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தி, தெரு கேட்க அதைப் படிக்கவைத்து, அனுப்பிவிடத்தானே அண்ணன் சொன்னார் என்று புலம்பினான்.

தம்பியையே பார்த்தாள். “நீ செத்துட்டேன்னு நினைச்சேன்டா,” என்றாள்.

“காப்புல மெருகு விட்டிருந்தேனே அக்கா, பாக்கலியா?” என்றான் தம்பி. “உங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி, என் மடியில இருந்த மெருகு டப்பாவை வெச்சே பளபளன்னு பண்ணித் தரச் சொன்னாரு. செதுக்கறதுக்கு முன்னாடி பண்ணக்கூடாதுன்னு நான் சொல்லலை. அடியில கொடி இடுக்கில மட்டும் தொடைக்காம விட்டேன். நீ எப்படியும் ஊசி போட்டுப் பாப்பே. நான் இருக்கேன்னு உனக்குத் தெரியட்டும்னு.”

அந்தப் பொருக்கு அவன் விரல் முட்டியில் அடிபட்ட காயத்தின் ரத்தம். அவன் அனுப்பிய சேதி வந்து சேர்ந்தது, அவள் ஊசி முனையில் வைத்து முகர்ந்தும் பார்த்தாள். இருக்கிறேன் என்று அவன் எழுதியதைச் செத்தேன் என்று படித்துவிட்டாள். ஒன்றுமே தெரியாத ஒருத்தியாக இருந்திருந்தால் அழுக்கு என்று துடைத்துவிட்டு எழுத்தை முடித்திருப்பாள், இந்நேரம் தம்பி வீட்டுக்கு வந்திருப்பான். அவளுக்குத் தன் கண்ணைத் தானே பிடுங்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

“அண்ணன் செத்தாருன்னா இவனும் செத்தான்,” என்றான் நெட்டை. கத்தி அழுந்தி, தம்பியின் கழுத்தில் ஒரு சிவப்புக்கோடு இறங்கியது.

அவள் உளியைத் தூர எறிந்தாள். கசாப்புக்காரனுக்குப் பக்கத்தில் விழுந்து, பிளந்துகிடந்த முழங்கை மடிப்புக்கு மேலே, புஜத்தின் உட்பக்கம் கட்டைவிரலை வைத்து எலும்போடு சேர்த்து அழுத்தினாள். குத்துப்பட்ட அதே கட்டைவிரல். இன்னொரு கையால் அவன் கழுத்தோரம் நாடி பார்த்தாள். இருந்தது, மெலிதாக. செத்துவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினாள். இவ்வளவு வெறுத்த ஒருவனிடம் இவ்வளவு கெஞ்சியவள் உலகத்தில் இருந்திருக்க மாட்டாள். தரையில் கிடக்கும் தோல்வாரில் ஒன்றை எடுத்துத் தரும்படி நெட்டையிடம் சொன்னாள். அவன் கத்தியை எடுக்காமலே காலால் ஒரு வாரைத் தள்ளிவிட்டான். கட்டினாள், இறுக்கினாள், மறுபடி அழுத்தினாள். ரத்தம் பீய்ச்சுவது நின்றது. கசிந்தது. பிறகு கசிவதும் நின்றது.

அவன் கண்கள் பாதி மூடியிருந்தன. அவள் விரலடியில் நாடி ஒரு முறை தட்டியது. இன்னொன்று வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. விரலை நகர்த்திப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூக்கு உடைந்து ரத்தம் அப்பிய முகத்தில் எதைப் பார்த்துவிட முடியும்?

“ரத்தம் நின்னுடுச்சு,” என்றாள் நெட்டையிடம். “பொழைச்சுக்குவாரு. டாக்டர் உடனே வரணும். நான் விரலை எடுத்தா மறுபடி பீய்ச்சும். நீ போனா நான் ஓடிடுவேன். இவன் போகட்டும். நான் இங்கதான் இருக்கேன், கத்தியை எம்மேல வெச்சுக்கோ.”

நெட்டை யோசித்தான். யோசிப்பது அவனுக்குக் கஷ்டமான காரியம். உயிர் இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

“கத்தியை எடுக்காம அப்படியே இவனை இங்க கூட்டிட்டு வா. இவனே பாத்துச் சொல்லட்டும்,” என்றாள்.

நெட்டை கழுத்தில் கத்தியோடு தம்பியை அருகில் கொண்டுவந்து குனியவைத்தான். அவள் தம்பியின் வலது கையைப் பிடித்து, அந்த விரல்களைக் கசாப்புக்காரனின் கழுத்தோரம் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“நல்லா பாத்துச் சொல்லுடா. துடிக்குதா?”

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். விரலடியில் ஒன்றும் அசையவில்லை. அவன் கண் நிறைந்துவிட்டது. அவள் அவன் விரல்களை இன்னும் பலமாக அழுத்தினாள்.

“துடிக்குது,” என்றான். “மெதுவா துடிக்குது.”

“அப்போ ஓடு,” என்றாள். “எங்கேயும் நிக்காதே. ஓடு.”

நெட்டை கத்தியை எடுத்தான். தம்பி எழுந்து வாசல்வரை போனான், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், திரும்பிப் பார்த்துவிட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் போகமாட்டான் என்று தெரியும். பிறகு ஒற்றைச் செருப்புக்கூட இல்லாத கால்கள் விந்தி விந்தி ஓடுகிற சத்தம் தெருவில் கேட்டது. கொஞ்ச தூரத்தில் அதுவும் கேட்கவில்லை.

நெட்டை அவள் முதுகுக்குப் பின்னால் கத்தியோடு உட்கார்ந்தான். அண்ணன் ஏன் பேசமாட்டேன் என்கிறார் என்று கேட்டான். ரத்தம் போனால் மயக்கம் வரும், பேச்சுக் கொடுத்துத் தொந்தரவு செய்யாதே என்றாள். அண்ணனின் கால் சில்லிட்டிருக்கிறதே என்றான். போர்வை இருக்கிறது, எடுத்துப் போர்த்து என்றாள். அவன் பரண்மேலிருந்து போர்வையை எடுத்துவந்து, அக்கறையாகக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினான். அவள் பிடித்த பிடியைத் தளர்த்தவில்லை. “இதோ டாக்டர் வந்துடுவாரு அண்ணே,” என்று பிணத்திடம் இரண்டொரு தடவை சொன்னாள். கட்டைவிரல் மரத்துவிட்டது. தம்பி இப்போது தெருமுனையைத் தாண்டியிருப்பான். இப்போது சந்தையைத் தாண்டியிருப்பான். விலா எலும்பு முறிந்தவன் எவ்வளவு வேகமாக ஓடமுடியும் என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், பஸ் ஏறுகிற நேரம்வரை போதும்.

“டாக்டர் வர லேட்டாகுதே,” என்றான் நெட்டை. எழுந்து வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். அண்ணனின் அந்தப் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு, அவருடைய இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டான்.